அம்மாவின் அளவு நாடாவும் பாதி ஈமோகுளோபினும்

அம்மாவின் அளவு நாடா மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்ததற்கு நான்தான் காரணம். தையல் இயந்திரத்தின் இழுப்பறை, அரிசி வாளியின் பின்புறம், சாமித்தட்டு என்று எல்லா இடத்திலும் தேடினார். அதுவோ என் மேசையில், பத்துப் பன்னிரண்டு குண்டூசிகள் குத்தப்பட்டு, ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியாகக் கிடந்தது.

தையற்காரர்களின் நாடா 150 சென்ரிமீற்றர் நீளம். ஈமோகுளோபின், குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம்; அமினோ அமிலங்கள் கோத்த சில சங்கிலிகளால் ஆனது. அவற்றில் ஒரு வகையான பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று வைத்தால் கடைசியில் நான்கு மட்டும் மிஞ்சும். இவ்வளவு பொருத்தமான ஒரு பொருளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

கதை மச்சாளின் தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. நான் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர். குருதியிலுள்ள ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் கருவியின் முன்னால்தான் என் பகல்பொழுதுகள் கழிகின்றன. சாதாரண ஒருவருக்கு ஏ2 என்ற வகை இரண்டு மூன்று சதவீதம் இருக்கும். சிலருடைய அறிக்கையில் அதே இடத்தில் 25, 30 சதவீதம் என்று ஒரு மலை எழுந்து நிற்கும். அது ஏ2 அல்ல. ஏ2 வெளிவரும் அதே நேரத்தில் வெளிவரும் ஈமோகுளோபின் ஈ. கருவிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மச்சாளின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஈமோகுளோபின் குறைவாக உருவாகும் பரம்பரை நோயான தலசீமியாவுக்குச் சோதித்துவிட்டுச் செய்வது நல்லது என்று யாரோ சொல்ல, சோதித்தார்கள். மகளின் அறிக்கையில் அந்த மலை. மச்சாள் என்னை அழைத்தார்.

"146இல் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். ஒன்று மாறினால் என்ன பெரிய வித்தியாசம்? நீ அதைத்தானே படித்தாய், சொல்லு பார்ப்போம்."

26ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசீன். இது எனக்கு மனப்பாடம். அங்கே அது மாறுவதால் என்ன ஆகிறது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. பத்து வருடமாக அந்த மலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்! அன்று இரவே மடிக்கணினியைத் திறந்து, 26ஆவது அமிலம் யாரையெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

புரதத்தில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்பது சங்கிலியில் அவர்களுடைய இலக்கத்தைப் பார்த்தால் தெரியாது. நாடாவை 30இல் மடித்துப் பாருங்கள். 29உம் 31உம் ஒட்டும், 28உம் 32உம் ஒட்டும், 20உம் 40உம் ஒட்டும். எந்த இணையைக் கூட்டினாலும் 60. ஒரு சதுரத் தாளின் கீழ்ப்பக்கமும் இடப்பக்கமும் இந்த எண்களை எழுதி, தொடும் இணைக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தால், மூலைவிட்டத்தைச் செங்குத்தாக வெட்டும் ஒரு கோடு வரும். பீட்டா இழை என்பது சங்கிலியின் நீட்டி நிமிர்ந்த துண்டு. எதிரெதிராக ஓடும் இரண்டு பீட்டா இழைகள் இந்தத் தொடுகைப் படத்தில் அப்படித்தான் தெரிகின்றன. இழைகள் ஒரே திசையில் ஓடினால் கோடு மூலைவிட்டத்துக்குச் சமாந்தரமாகத் தள்ளி நிற்கும். ஆல்ஃபா சுருள் என்றால் மூலைவிட்டத்தோடு ஒட்டிய தடித்த பட்டை: சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமிலங்கள் என்பதால் ஒவ்வொன்றும் தனக்கு நான்கு இடம் தள்ளியிருப்பதன் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பீட்டா சங்கிலி என்ற பெயரைப் பார்த்து அதில் பீட்டா இழை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். அந்தப் பீட்டாவுக்கும் இந்தப் பீட்டாவுக்கும் ஒரு உறவும் இல்லை. ஈமோகுளோபினின் பெரும்பகுதி ஆல்ஃபா சுருள்தான். பீட்டா சங்கிலியில் எட்டு, ஆல்ஃபா சங்கிலியில் ஏழு. இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று உரசும் இடத்தில், உள்நோக்கி நிற்கும் அமிலங்கள் மட்டுமே தொடும். ஆகவே அதன் படத்தில் கோடுகள் இருக்காது. விட்டுவிட்டு வைத்த தையல் போலப் புள்ளிகள்தான் இருக்கும்.

சங்கிலியில் கோத்த பிறகு அமினோ அமிலத்துக்கு எச்சம் என்று பெயர். இந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தார். பால்கனிக் கம்பியில் காகம் விட்டுப்போவதுதான் அவருக்கு எச்சம். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பெயரெச்சமும் வினையெச்சமும் நினைவுக்கு வந்தன. இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகிறது. போனது போக மிஞ்சுவது எச்சம். 'வந்த' என்று மட்டும் சொன்னால் 'யார்?' என்று கேட்கத் தோன்றுவதுபோல, அதுவும் அடுத்ததோடு சேர்ந்துதான் நிற்கும். இந்தக் கலைச்சொல்லை உருவாக்கியவரை ஒருமுறை சந்திக்க வேண்டும்.

சரி, தொடுகை என்றால் என்ன? என்னை அதிக நாள் அலைக்கழித்தது இந்தக் கேள்விதான். பஸ்ஸில் ஒருவர் நம்மை இடிக்கிறாரா இல்லையா என்பதில் சந்தேகம் வராது. அணுக்களில் அப்படி இல்லை. தூரத்துக்கு ஓர் எல்லை வைத்து, அதற்கு உட்பட்டதைத் தொடுகை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். கட்டமைப்பை ஊகிக்கும் போட்டிகளில் வழக்கமான அளவு, இரண்டு எச்சங்களின் பீட்டா காபன்களுக்கிடையே 8 ஆங்ஸ்ட்ரோமுக்குக் குறைவு. ஆல்ஃபா காபன் சங்கிலியின் முதுகெலும்பில் இருப்பது; பீட்டா காபன் அதிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலியின் முதல் காபன். ஆங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மீற்றரை ஆயிரம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. கிளைசீனுக்குப் பீட்டா காபன் கிடையாது. அங்கே மட்டும் ஆல்ஃபா காபன். வேறு சிலர் ஐதரசன் தவிர்ந்த எந்த இரண்டு அணுக்களும் 4.5 ஆங்ஸ்ட்ரோமுக்குள் வந்தால் போதும் என்பார்கள்.

முதலில் சோம்பலில் ஆல்ஃபா காபன்களை மட்டும் அளந்தேன். அது முதுகெலும்பை மட்டும் அளப்பதுபோல. முதுகும் முதுகும் 7 ஆங்ஸ்ட்ரோமில் இருக்கும், ஆனால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுபுறம், லைசீன், ஆர்ஜினீன் போன்றவற்றுக்கு நீண்ட கை. முதுகுகள் 10 ஆங்ஸ்ட்ரோமுக்கு அப்பால் இருந்தாலும் கை நீட்டி எதிரே உள்ள எதிர்மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். முதுகை அளந்தால் இந்தப் பிடி தப்பிவிடும். உப்புப்பாலம் என்று சொல்லப்படும் இந்தப் பிடிக்கு நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே 4 ஆங்ஸ்ட்ரோம் என்பது வழக்கமான எல்லை. 3.9 என்றால் பாலம், 4.1 என்றால் பாலம் இல்லை என்று என் நிரல் அச்சிட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. புரதத்தைப் பளிங்காக்கி அளந்து பெற்ற ஆயங்களில், அதாவது அணுக்களின் இடத்தைச் சொல்லும் எண்களில், அதைவிடப் பெரிய பிழையே இருக்கக்கூடும்.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி தமிழ்நாட்டோடு தொடர்புள்ளது என்பதையும் இந்தத் தேடலில்தான் அறிந்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூவிழைச் சுருள் அமைப்பொன்றை முன்வைத்தார்கள். அதில் சில அணுக்கள் நம்ப முடியாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்ற விஞ்ஞானிகள் குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. அறிந்திருந்த பளிங்குக் கட்டமைப்புகளையெல்லாம் புரட்டி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கின்றன என்று பட்டியல் போட்டார். பிணைப்பில்லாத இரண்டு காபன்களுக்குச் சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ரோம், மிஞ்சிப்போனால் 3.0. அந்தப் பட்டியலிலிருந்து பிறந்ததுதான், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட, இன்று உலகமெல்லாம் ராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கும் படம். கணினி இல்லாமல் இதைச் செய்தவர்களை நினைத்தால், என் மடிக்கணினி சூடாகிறது என்று நான் முறைப்படுவது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இனி என் பெரிய கண்டுபிடிப்பு.

ஈமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என்று நான்கு சங்கிலிகள்; 141உம் 146உம் இரண்டு தடவை, மொத்தம் 574 எச்சங்கள். சோடி போட்டால் 164,451 சோடிகள். புரதங்களின் கட்டமைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் புரதத் தரவு வங்கியிலிருந்து இரண்டு கோப்புகளை இறக்கினேன். ஒட்சிசன் இல்லாத வடிவம் 2எச்எச்பி. ஒட்சிசன் ஏறிய வடிவம் 1எச்எச்ஓ. பைத்தானில் நாற்பது வரி நிரல். இரண்டுக்கும் தொடுகைப் பட்டியல் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஒட்சிசன் ஏறும்போது எந்தத் தொடுகைகள் விடுபடுகின்றன என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, வெளியே நல்ல மழை. விடை வந்தது: ஓர் ஆல்ஃபா பீட்டா சோடிக்கும் மற்றச் சோடிக்கும் இடையிலான தொடுகைகள் அத்தனையும் மறைந்துவிட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை. மூலக்கூறு இரண்டாகப் பிளந்துவிட்டது!

ஒட்சிசன் ஏறும்போது, இரண்டு சோடிகளும் சந்திக்கும் இடைமுகம் மாறுகிறது என்று நான் படித்திருந்தேன். ஒட்சிசன் இல்லாதபோது பீட்டாவின் 99ஆவது அஸ்பாட்டிக் அமிலம் ஆல்ஃபாவின் 42ஆவது தைரோசினைப் பிடித்திருக்கும். ஒட்சிசன் ஏறியதும் அந்தப் பிடி விடுபடும். என் பட்டியலில் 99உம் 42உம் சொன்னபடியே விடுபட்டிருந்தன. பிறகென்ன சந்தேகம்? மறுநாள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி முழுவதும் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்தேன். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் தலைப்பு கிடைத்துவிட்டது. மதிய இடைவேளையில், முன்பு எனக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவருக்கு மூன்று பந்தி மின்னஞ்சல். மாலையில் பதில் வந்தது. இரண்டே சொற்கள்.

"எத்தனை சங்கிலி?"

கோப்பைத் திறந்து பார்த்தேன். 2எச்எச்பியில் ஏ, பி, சி, டி என்று நான்கு. 1எச்எச்ஓவில் ஏ, பி. அவ்வளவுதான்.

விடுபட்டதற்குக் காரணம் ஒட்சிசன் அல்ல. மற்றப் பாதி கோப்பிலேயே இல்லை. இல்லாத ஒருவரைத் தொடவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

ஏன் பாதி மட்டும் என்பதை அம்மாவின் சட்டை வெட்டும் காகிதத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். முதுகுத் துண்டுக்கு அவர் பாதிக் காகிதம்தான் வைத்திருப்பார். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் காகிதத்தின் நேர்விளிம்பை வைத்து வெட்டினால், விரிக்கும்போது முழு முதுகு. முழுவதையும் வரைந்து வைப்பது வீண் வேலை. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினின் அந்தப் பளிங்கில் மூலக்கூறின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோலவே அமைந்திருப்பதால், பாதியின் ஆயங்களையும் மற்றதைப் பெறும் கணக்கையும் தந்தால் போதும். ஒரேயொரு வித்தியாசம், துணியில் மறுபாதி கண்ணாடி விம்பம். புரதத்தில் 180 பாகை சுழற்றிய பிரதி. புரதங்களிலுள்ள அமினோ அமிலங்கள் ஒரு கைப் பக்கத்தவை மட்டுமே என்பதால் கண்ணாடி விம்பத்துக்கு அங்கே இடமில்லை. அந்தச் சுழற்சிக் கணக்கு கோப்பின் தலைப்பகுதியில், குறிப்பு 350 என்ற இடத்தில், எண்களாகப் பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பகுதியை யார் வாசிக்கிறார்கள்?

முழு மூலக்கூறையும் தரும் வேறு கோப்பும் வங்கியில் உண்டு. அதை இறக்கி மறுபடி ஓட்டினேன். மறுபடியும் பாதி. இந்தத் தடவை காரணத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அந்தக் கோப்பில் இரண்டாவது பாதி இரண்டாவது 'மாதிரி' (model) என்ற தலைப்பின் கீழ், அதே ஏ, அதே பி என்ற பெயர்களுடன் வைக்கப்பட்டிருந்தது. என் நிரலோ முதல் மாதிரியை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டது. அந்த வரியை நானேதான், முன்பு வேறொரு வேலைக்காக, எழுதியிருந்தேன். ஆகவே திட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை.

பெயர்களை மாற்றி, நான்கு சங்கிலிகளையும் ஒன்றாக வைத்து ஓட்டியபோது அழகான விடை வந்தது. எதுவும் பிளக்கவில்லை. 99க்கும் 42க்கும் இடையிலான பிடி விடுபடுகிறது. அதற்குப் பதிலாக ஆல்ஃபாவின் 94ஆவது அஸ்பாட்டிக் அமிலம் பீட்டாவின் 102ஆவது அஸ்பரஜினைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சோடி மற்றச் சோடியின் மேல் ஏறத்தாழ 15 பாகை திரும்புகிறது. எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனாலும் என் திரையில், என் நிரலிலிருந்து அது வந்தபோது தேநீர் ஆறியதுகூடத் தெரியவில்லை.

மச்சாளின் கேள்வி அப்படியே இருந்தது. நாடாவில் 26இல் ஓர் ஊசி குத்தினேன். அதே சுருளில் நான்கு இடம் தள்ளி 30இல் ஆர்ஜினீன். 26இல் உள்ள குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னேற்றம், 30 நேர்மின்னேற்றம், ஒரே பக்கம் பார்க்கின்றன. லைசீனும் நேர்மின்னேற்றம் என்பதால், அது வந்து அமர்ந்தால் நேருக்கு நேர். இதுதான் விடை, இந்தப் பிடி போவதால்தான் வியாதி என்று முடிவு கட்டப் போனேன். ஆனால் ஒரு தடவை சூடு கண்டிருந்ததால் கொஞ்சம் நின்று வாசித்தேன். ஈமோகுளோபின் ஈயின் மடிப்பு ஏறத்தாழ வழமையானதைப் போன்றதே. கொஞ்சம் உறுதி குறைவு, அவ்வளவுதான். உடலில் அது குறைவாக இருப்பதற்கு முக்கிய காரணம் தொடுகைப் படத்தில் எந்தப் புள்ளியிலும் இல்லை. அது புரதம் பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இதையும் தையலில்தான் சொல்ல வேண்டும். மரபணுவிலிருந்து எடுக்கும் ஆர்என்ஏ பிரதியில் தேவையற்ற துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மற்றவற்றை இணைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு எழுத்துகளிலேயே குறி உண்டு. 26ஆவது அமிலத்துக்கான ஜிஏஜி என்ற மூன்று எழுத்துகள் ஏஏஜி ஆகும்போது, அந்த இடத்தருகே வெட்டுக்குறி போலத் தோன்றும் ஒன்று உயிர்பெறுகிறது. துணியில் தவறான இடத்தில் சோக்குக் கோடு விழுந்தது போல. கத்தரி சில தடவை சரியான இடத்தில் வெட்டும், சில தடவை அந்தக் கோட்டில். தவறாக வெட்டிய துணி சட்டையாவதில்லை. ஆகவே தைத்து வரும் சட்டைகள் குறைவு. வந்தவை நன்றாகவே இருக்கும்.

6இல் குத்திய ஊசிக்கு வேறு கதை. அங்கே குளுட்டாமிக் அமிலம் வலீனாக மாறினால் அரிவாளணுச் சோகை. ஒரு மூலக்கூறை மட்டும் வைத்துப் படம் போட்டால் 6ஆம் இலக்கம் வெளி ஓரத்தில் சும்மா நிற்கும். விபரீதம் பக்கத்து மூலக்கூறில்: அதன் பீட்டா சங்கிலியில் 85ஆவது பினைல்அலனினும் 88ஆவது லியூசினும் அமைக்கும் குழிக்குள், ஒட்சிசன் இல்லாதபோது, இந்த வலீன் போய் அமர்கிறது. பிறகு ஒன்றோடொன்று கோத்து நீண்ட நார். அதைப் பார்க்க இரண்டு முழு ஈமோகுளோபின்களைக் கொண்ட 2எச்பிஎஸ் கோப்பு வேண்டும். அந்தக் கட்டமைப்பு 1997இல் வெளியானது. இந்தத் தடவை திறந்தவுடன் சங்கிலிகளை எண்ணினேன். எட்டு.

63உம் 92உம் ஹிஸ்டிடீன்கள். நாடாவில் 29 சென்ரிமீற்றர் தூரம், மடிந்த புரதத்தில் இரும்பின் இரு பக்கமும் எதிரெதிராக. 92 இரும்போடு நேரே பிணைந்திருக்கிறது. என் நிரல் அமினோ அமிலங்களை மட்டும் வாசிப்பதால் இரும்பைக் காணவே இல்லை. ஈமோகுளோபினில் இரும்பு தெரியாத நிரல்! அதைத் திருத்துவது அடுத்த மாத வேலை.

கடைசியில் மச்சாளை அழைத்தேன். சுருள், ஆர்ஜினீன், சோக்குக் கோடு என்று இருபது நிமிடம் பேசியிருப்பேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி, கலியாணம் செய்யலாமா, கூடாதா?"

செய்யலாம். மகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவள் காவி மட்டும்தான், அதாவது மாறிய மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவள். மாப்பிள்ளையும் பீட்டா தலசீமியாக் காவியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஈமோகுளோபின் ஈயும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்து வருவதற்கு. அவருக்கும் சோதித்தால் தெரிந்துவிடும். இதை முதல் நாளே, எந்தக் கோப்பையும் திறக்காமல், சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையின் அறிக்கை போன வாரம் வந்தது: ஏ2 2.6 சதவீதம், மலை எதுவும் இல்லை.

ஆகவே கலியாணச் சட்டைகள் அம்மாவிடம் வந்துவிட்டன, நாடா அவசரமாகத் தேவைப்பட்டது. ஊசிகளைக் கழற்றி, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து இழுப்பறையின் அடியில் வைத்தேன். மாலையில் கண்டெடுத்துவிட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வரிசையாக ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"எலி கடித்திருக்குமோ?"

நான் மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.